உண்ணி கடித்தவருக்கு மாட்டு வால்வு

2004இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செடக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து, ஆளைப் பார்த்து அல்ல, ஊரைப் பார்த்து வம்பு செய்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களுக்கும் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து அது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நூற்றில் மூன்று பேருக்கும் குறைவானவர்களுக்கே கடுமையான ஒவ்வாமை வந்தது. டென்னசியிலும் வட கரோலினாவிலும் மட்டும் அது நூற்றுக்கு 22 பேர். அதுவும் முதல் டோஸ் ஏறத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மூச்சு முட்டும், உடம்பெல்லாம் தடிக்கும், ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

முதல் டோஸ் என்பதுதான் மருத்துவர்களுக்குப் புரியாத இடம். ஒரு பொருள் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போக வேண்டுமென்றால் அவருடைய உடல் அதை முன்பே ஒருமுறையாவது சந்தித்து, அதற்கென்று எதிர்ப்பொருளைச் செய்துவைத்திருக்க வேண்டும். அதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத மருந்தை இவர்கள் எங்கே சந்தித்தார்கள்?

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒவ்வாமை நிபுணர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர், மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்துச் சேமித்துவைத்த ரத்த மாதிரிகளைத் தேடிப் பிடித்தார்கள். பெரும்பாலும் டென்னசி, ஆர்கன்சா, வட கரோலினாவில் சிகிச்சை பெற்ற 76 பேரில் 25 பேருக்கு ஒவ்வாமை வந்திருந்தது. அந்த 25 பேரில் 17 பேரின் ரத்தத்தில் மருந்து உள்ளே போவதற்கு முன்பே அதற்கான ஐஜிஇ எதிர்ப்பொருள் இருந்தது. ஐஜிஇ என்பது ஒவ்வாமையைக் கிளப்பிவிடுகிற வகை. பிறகு புற்றுநோயே இல்லாதவர்களையும் சோதித்தார்கள். டென்னசியில் 72 பேரில் 15 பேருக்கு அது இருந்தது. பாஸ்டனில் 341 பேரில் இரண்டே பேர். 2008இல் இந்த முடிவுகள் வெளிவந்தபோது ஒன்று தெளிவானது: குறை மருந்தில் மட்டுமில்லை, மண்ணிலும் ஏதோ இருக்கிறது.

அந்த எதிர்ப்பொருள் குறிவைத்தது மருந்தின் புரதத்தை அல்ல. புரதத்தின் மேல் ஒட்டியிருந்த ஒரு சின்னச் சர்க்கரையை. கேலக்டோஸ் மூலக்கூறுகள் இரண்டு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கைகோத்து நிற்கும் இந்தச் சர்க்கரைக்கு ஆல்ஃபா-கால் என்று பெயர். செடக்சிமாப் எலியின் செல்களில் வளர்த்து எடுக்கப்படுகிற மருந்து. எலிச் செல் தான் செய்கிற புரதங்களின் மேல் வழக்கமாக வைக்கிற சர்க்கரையை இதன் மேலும் வைத்து அனுப்பியிருக்கிறது. எலி மட்டுமல்ல, ஆடு, மாடு, பன்றி, மான், முயல், நாய் என்று பாலூட்டிகள் அநேகமாக எல்லாவற்றின் உடலிலும் இது உண்டு. நம்மிடம் இல்லை. மனிதர்கள், வாலில்லாக் குரங்குகள், ஆசியா ஆப்பிரிக்காவின் குரங்குகள் ஆகியோருக்கு மட்டும் இதைச் செய்கிற மரபணு இரண்டு மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் பழுதாகிவிட்டது. கோழியிலும் மீனிலும் இது கிடையாது.

ஆட்டிலும் மாட்டிலும் இருக்கிறதென்றால் அவற்றின் கறியைத் தின்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பது அடுத்த கேள்வி. அதே பகுதியில் சிலர் பல ஆண்டுகளாக ஒரு புகாரோடு அலைந்துகொண்டிருந்தார்கள். ராத்திரி நல்ல தூக்கத்தில் உடம்பெல்லாம் அரித்துத் தடித்துக்கொண்டு எழுவார்கள். சிலருக்கு வயிற்றைப் பிசையும், வாந்தி வரும், மயங்கி விழுவார்கள். படுக்கும் முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். மாலையில் மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ சாப்பிட்டதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நிலக்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவருக்கு அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும் என்பதுதான் மருத்துவப் பாடம். இவர்களுக்கோ சாப்பாட்டுக்கும் தடிப்புக்கும் நடுவே இரண்டிலிருந்து ஆறு மணி நேரம் ஓடியிருந்தது. 2009இல் இப்படிப்பட்ட 24 பேரை ஸ்காட் கமின்ஸும் பிளாட்ஸ்-மில்ஸும் விவரித்தார்கள். அத்தனை பேரின் ரத்தத்திலும் ஆல்ஃபா-காலுக்கு எதிரான ஐஜிஇ.

உண்ணிக்கு வந்துசேர்ந்தது வரைபடம் வழியாக. மருந்துக்கும் கறிக்கும் ஒவ்வாமை வருகிற மாநிலங்களைக் குறித்துப் பார்த்தால், அது உண்ணியால் பரவும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலின் வரைபடத்தோடு ஒட்டிப்போனது. அந்தக் காடுகளில் மான்களின் மேல் பெருகிக் கிடப்பது ‘லோன் ஸ்டார்’ உண்ணி. பெண் உண்ணியின் முதுகு நடுவே ஒற்றை வெள்ளைப் புள்ளி இருக்கும். புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை விரித்தபடி, உரசிப்போகிற எதையும் பற்றிக்கொள்ளக் காத்திருக்கும் பிராணி. அதன் குஞ்சுகள் கடுகைவிடச் சின்னவை. ஒரே இலையில் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கும். காலை வைத்தால் அத்தனையும் ஏறிவிடும்.

2007 ஆகஸ்டில் பிளாட்ஸ்-மில்ஸ் வர்ஜீனியாவின் புளூ ரிட்ஜ் மலைப் பக்கம் நடக்கப் போய்த் திரும்பியபோது அவருடைய கணுக்கால்களில் அப்படி ஒரு கூட்டம் ஒட்டியிருந்தது. வாரக்கணக்கில் அரித்தது. நவம்பரில் லண்டனில் ஆட்டு விலாக்கறியும் இரண்டு கோப்பை ஒயினுமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் நள்ளிரவில் உடம்பெல்லாம் காணாக்கடியோடு எழுந்தார். தன் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்துவந்ததால், உண்ணி கடித்த பிறகு ஆல்ஃபா-கால் ஐஜிஇ ஏறியதை அவரால் தன்னிடமே அளக்க முடிந்தது. ஆராய்ச்சியாளரே சோதனை எலியாக அமைவது அபூர்வம்தான். ஆனால் இந்த இணைப்பை முதலில் பிடித்தவர் அவர் அல்ல. சிட்னியின் வடக்குக் கடற்கரைப் புறநகர்களில் கறி ஒத்துக்கொள்ளாமல் வந்த நோயாளிகளிடமெல்லாம் ஷெரில் வான் நுனன் என்ற மருத்துவர் உண்ணி கடித்ததா என்று கேட்டுவைத்திருந்தார். அவர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் 25 பேரில் 24 பேர் உண்ணிக்கடி பட்டவர்கள். அங்கே கடித்தது வேறு இனத்து உண்ணி. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பிரேசிலிலும் அந்தந்த ஊர் உண்ணிகளே காரணமாயின. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த விளம்பரம் சிட்னி மருத்துவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

உண்ணியின் எச்சிலிலேயே ஆல்ஃபா-கால் இருக்கிறது. மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் தோலில் வாயைப் பதித்து ரத்தம் குடிக்கும்போது, வலி தெரியாமலிருக்கவும் ரத்தம் உறையாமலிருக்கவும் வேண்டிய பொருட்களோடு அந்தச் சர்க்கரையும் உள்ளே போகிறது. வாய் வழியாகப் போனால் உணவு. தோல் வழியாக, அதுவும் ஒட்டுண்ணியின் எச்சிலோடு போனால் படையெடுப்பு. நோயெதிர்ப்பு அமைப்பு இரண்டையும் வேறு வேறாகத்தான் நடத்துகிறது. ஒட்டுண்ணியை விரட்டுவதற்கான ஐஜிஇயை எடுத்து இந்தச் சர்க்கரைக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது.

கறி ஒவ்வாமை ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு இப்போது பலரும் ஏற்கும் விளக்கம் கொழுப்பில் இருக்கிறது. கறியில் ஆல்ஃபா-கால் புரதத்தின் மேலும் இருக்கும், கொழுப்பின் மேலும் இருக்கும். புரதம் சீக்கிரம் செரிக்கும். கொழுப்போ குடலில் நுண்ணிய உருண்டைகளாகக் கட்டப்பட்டு, நிணநீர்க் குழாய்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் தாமதித்துத்தான் ரத்தத்தை அடைகிறது. நெய்யும் கொழுப்பும் அதிகமான துண்டுகளுக்கே நோயாளிகள் அதிகம் அவதிப்படுவது இதனோடு பொருந்துகிறது. செடக்சிமாப் நேரே ரத்தத்தில் இறங்குவதால் நிமிடக் கணக்கில் வேலையைக் காட்டிவிடுகிறது. நேரே ரத்தத்தில் இறங்குகிற விலங்குப் பொருள் வேறென்ன இருக்கிறது என்று அறுவை அரங்கில் யோசிக்க ஆரம்பித்தால் பட்டியல் நீளம்.

அதற்குப் போவதற்கு முன், இந்தத் தாமதம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு சம்பவம். 2024 கோடையில் நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் முகாமிட்ட இடத்தில் இரவு மாட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, நடுநிசியில் தாங்க முடியாத வயிற்றுவலியும் வாந்தியுமாகத் துடித்தார். காலையில் சரியாகிவிட்டது, மருத்துவரிடம் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு விருந்தில் ஹாம்பர்கர் சாப்பிட்டார். சுமார் நான்கு மணி நேரத்தில் உடல் மோசமானது, அன்றிரவே இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் காரணம் புலப்படவில்லை. பிறகு பிளாட்ஸ்-மில்ஸ் குழு ரத்தத்தைச் சோதித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமல் வயிற்றுக் கோளாறாக மட்டும் இது வரக்கூடும் என்பதை அங்குள்ள மருத்துவர்களே பலர் அறிந்திருக்கவில்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023இல் வெளியிட்ட கணக்கில், 2010 முதல் 2022 வரை ஆல்ஃபா-கால் நோய் இருக்கலாம் என்று சோதனையில் தெரியவந்தவர்கள் ஏறக்குறைய 1,10,000 பேர். சோதிக்கப்படாதவர்களையும் சேர்த்தால் 4,50,000 வரை இருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட இன்னொரு கருத்துக்கணிப்பில் மருத்துவத் துறையினரில் நூற்றுக்கு 42 பேர் இந்த நோயின் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள்.

படித்துவிட்டு நாளைய பிரியாணியை யாரும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. உண்ணி கடித்தவர்களில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. ஐஜிஇ உள்ளவர்களிலும் பலர் கறி தின்று சுகமாகவே இருக்கிறார்கள். வந்தவர்களுக்கும், மறுபடி உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொண்டால், சில ஆண்டுகளில் எதிர்ப்பொருள் குறைந்து மீண்டும் கறி சாப்பிட முடிவதுண்டு. பி ரத்தப் பிரிவினருக்கு இது குறைவாகவே வருகிறது. பி பிரிவை அடையாளம் காட்டும் சர்க்கரை ஆல்ஃபா-காலுக்கு மிக நெருங்கிய சாயல் கொண்டது. தன் சர்க்கரையைப் போலிருக்கும் ஒன்றின் மேல் பாய உடல் தயங்குகிறது.

இனி வால்வு. மனித இதயத்தில் நான்கு வால்வுகள். ஒரு நாளைக்கு லட்சம் முறைக்கு மேல், ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் திறந்து மூடுகின்றன. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவற்றை ஒட்டவைத்துச் சுருக்கிவிடலாம்; முதுமையில் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிடலாம். மாற்றியாக வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, உலோகமும் கார்பனும் கொண்ட இயந்திர வால்வு. ஆயுள் முழுக்க உழைக்கும்; ஆனால் அதன் மேல் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும். 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் கூண்டுக்குள் பந்து வைத்துச் செய்ததில் வேரூன்றியது இந்த வழி. இன்னொன்று, விலங்கின் திசு.

1965இல் பாரிசில் பன்றியின் வால்வை மனித இதயத்தில் வைத்துத் தைத்தார்கள். அந்தக் குழுவில் இளம் மருத்துவராக இருந்தவர் அலென் கார்பென்டியே. முதலில் வைத்தவை சில மாதங்களிலும் சில ஆண்டுகளிலும் நைந்துபோயின. விலங்குத் திசுவை உடல் அன்னியமாகக் கண்டு அரித்துவிடுகிறது என்று புரிந்துகொண்ட கார்பென்டியே, அந்த அடையாளங்களை மறைக்க வேதியியல் படிக்கப் போனார். 1960களின் இறுதியில் அவர் கண்டெடுத்த பொருள் குளூட்டரால்டிஹைடு. தோல் பதனிடுவதுபோலத்தான் அதன் வேலை. புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாமல், கரையாமல், பிறருக்குச் சொந்தமான திசு என்று எளிதில் தெரியாமல் ஆக்கிவிடும். 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸில் மரியன் அயனெஸ்கு, பன்றி வால்வுக்குப் பதில் மாட்டின் இதயத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையை வெட்டி மூன்று இதழ்களாகத் தைத்துப் பார்த்தார். இன்று உலகில் பொருத்தப்படுகிற திசு வால்வுகளில் பெரும்பங்கு இந்த மாட்டு உறையிலிருந்துதான் வருகிறது.

அரங்கில் அது வந்து சேரும் விதத்தைப் பார்க்க வேண்டும். திருகுமூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் ஜாடி. உள்ளே பதனத் திரவத்தில் மிதக்கிற, துணிவளையம் சுற்றிய சட்டம். அதன் நடுவே பழுப்பேறிய வெள்ளையில் மூன்று இதழ்கள். ஒவ்வோர் இதழும் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். கையில் பிடிக்கக் கைப்பிடி ஒன்று, வரிசை எண் எழுதிய சீட்டு ஒன்று தொங்கும். செவிலியர் எண்ணைச் சரிபார்த்துச் சீட்டை வெட்டியெடுத்துவிட்டு, உப்புநீர் நிரப்பிய கிண்ணங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றி அலசுவார். பதன மருந்தின் மிச்சம் ரத்தத்தில் கலக்கக் கூடாது. அந்த நேரத்தில் மருத்துவர் நோயாளியின் பழைய வால்வை வெட்டியெடுத்து, வளையத்தைச் சுற்றித் தையல் நூல்களைப் போட்டு முடித்திருப்பார். நூல்களின் மறுமுனை புது வால்வின் துணிவளையத்தில் ஏறும். பிறகு நூல்களைப் பிடித்துக்கொண்டு வால்வை உள்ளே இறக்குவார்கள்.

எவ்வளவு அலசினாலும் போகாத ஒன்று அதில் இருக்கிறது. குளூட்டரால்டிஹைடு பிடிப்பது புரதத்தை. சர்க்கரையை அது தொடுவதில்லை. எனவே பதனிட்ட பிறகும் இதழ்களில் ஆல்ஃபா-கால் மிஞ்சுகிறது. வியன்னா ஆய்வாளர்கள் 2005இல் இதைக் காட்டினார்கள்: பன்றி வால்வில் அந்தச் சர்க்கரை இருக்கிறது, திசு வால்வு பொருத்திய பத்து நாட்களுக்குள் நோயாளியின் ரத்தத்தில் அதற்கு எதிரான பொருட்கள் எகிறுகின்றன, இயந்திர வால்வோ பைபாஸோ செய்தவர்களிடம் அப்படி எகிறுவதில்லை.

உண்ணியால் ஏற்கெனவே ஐஜிஇ ஏறியிருப்பவருக்கு இந்த வால்வை வைத்தால்? 2014இல் வர்ஜீனியா குழு, மாட்டு வால்வோ பன்றி வால்வோ பொருத்திய பிறகு ஒவ்வாமை அறிகுறிகள் தோன்றிய மூன்று பேரை விவரித்தது. மூவரின் ரத்தத்திலும் ஆல்ஃபா-கால் ஐஜிஇ இருந்தது. 2016இல் அதே பல்கலைக்கழக அறுவை மருத்துவர்கள், இந்த ஒவ்வாமை கொண்ட இரண்டு பேரின் திசு வால்வுகள் உரிய காலத்துக்கு முன்பே பழுதானதைப் பதிவுசெய்தார்கள். மூன்றும் இரண்டும் சேர்ந்தால் ஐந்து. இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. எந்தக் கோளாறும் இல்லாமல் திசு வால்வோடு வாழ்கிற ஆல்ஃபா-கால் நோயாளிகளும் பதிவாகியிருக்கிறார்கள். ஆனாலும் அறுவைக்கு முன் கேட்க ஒரு கேள்வி கூடிவிட்டது.

கேள்வி வால்வோடு முடிவதில்லை. திறந்த இதய அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் கொடுத்தாக வேண்டும். ஹெபாரின் பெரும்பாலும் பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து பிரித்தெடுப்பது. சாதாரணமாகத் தோலுக்கடியில் போடுகிற சிறு அளவில் பிரச்சினை அநேகமாக இல்லை. இதய அறுவையிலோ கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் என்று ஒரே மூச்சில் நரம்பில் ஏற்றுகிறார்கள். அந்த அளவில் ஆல்ஃபா-கால் நோயாளிகள் சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்திருக்கிறது. இதில் வினோதம், ஹெபாரினை முறிக்கக் கொடுக்கிற புரோட்டமின் சால்மன் மீனின் விந்திலிருந்து வருகிறது. மீனில் இந்தச் சர்க்கரை இல்லாததால் இந்த நோயாளிக்கு முறிமருந்தைவிட மூல மருந்துதான் ஆபத்து. இவை போக, ரத்த இழப்பை ஈடுகட்ட ஏற்றும் ஜெலட்டின் திரவம், கசிவை நிறுத்த வைக்கும் ஜெலட்டின் பஞ்சு, மாத்திரைக் கூடு என்று மாட்டுத் தோலும் எலும்பும் பல உருவங்களில் உள்ளே வருகின்றன. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் பாம்புக்கடி மருந்திலும் ஆல்ஃபா-கால் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மயக்க மருந்து நிபுணர்கள் இப்போது கறி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பது உபசாரத்துக்காக அல்ல.

இயந்திர வால்வுக்குப் போய்விட்டால் வால்வுச் சிக்கல் தீர்ந்தது. நம் பக்கத்தில் பலருக்கு இந்தக் கேள்வியே எழாமல் போவதற்கும் அதுதான் காரணம். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் இங்கே பெரும்பாலும் இளம் வயதினர். இளைஞர்களிடம் திசு வால்வு விரைவில் சுண்ணாம்பேறிவிடும் என்பதால் இயந்திர வால்வே பரிந்துரைக்கப்படும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வில் உலோகச் சட்டம், பாலிஎத்திலீன் வட்டு, பாலியஸ்டர் துணி ஆகியவைதான். விலங்கென்று எதுவும் இல்லை. பன்றியா மாடா என்று மத நம்பிக்கையின் பொருட்டுக் கேட்கிற குடும்பங்களுக்கும் அது உதவியாயிற்று.

சிக்கல் முதியவர்களிடம்தான் கெட்டிப்படுகிறது. 2002 ஏப்ரலில் பிரான்ஸின் ரூவான் நகரில் அலென் கிரிபியே, நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகச் சுருட்டிக் கொண்டுபோய் வால்வை விரித்துவைத்தார். டாவி என்று நம் மருத்துவமனைகளிலும் புழங்குகிற இந்த முறை, எண்பது வயதில் பெரிய அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் உலோக வட்டைச் சுருட்ட முடியாது. அதனால் டாவியில் வைப்பதெல்லாம் மாட்டு உறை அல்லது பன்றி உறை. உண்ணிக்காட்டில் வாழ்ந்து கறியை விட்டுவிட்ட முதியவருக்கு இங்கே இயந்திர வால்வு என்ற மாற்று இல்லை. ஐஜிஇ அளவைப் பார்த்து, ஒவ்வாமையை அடக்கும் மருந்துகளை முன்கூட்டியே கொடுத்து, தயாராக நின்றுகொண்டு வைக்கிறார்கள்.

இதுவரை சொன்னது ஒரு சிலரின் தொல்லை. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. ஆல்ஃபா-காலுக்கு எதிரான பொருள் உண்ணி கடித்தவரிடம் மட்டும் இருப்பதில்லை. நம் எல்லோரிடமும் இருக்கிறது. இஸ்ரேலிய விஞ்ஞானி யூரி கலிலி 1980களில் கண்டறிந்தது அது. மனித ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருட்களில் சுமார் நூற்றில் ஒரு பங்கு இந்த ஒற்றைச் சர்க்கரைக்கு எதிரானது. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேல் இதே சர்க்கரை இருப்பதால் குழந்தைப் பருவம் முதலே அதை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறோம். இதனால் நமக்கு லாபம் இருந்திருக்கலாம். மலேரியா ஒட்டுண்ணியின் மேலும் ஆல்ஃபா-கால் உண்டு. குடல் பாக்டீரியா தூண்டிவிட்ட எதிர்ப்பொருள் கொசுக்கடி வழியாக மலேரியா தொற்றுவதைத் தடுத்ததை 2014இல் எலிகளில் காட்டினார்கள். சர்க்கரையைத் தொலைத்த முன்னோருக்குக் கிடைத்த ஆயுதம் அது என்ற ஊகம் எனக்குப் பிடித்தமானது, நிரூபணம் முழுமையாக இல்லாவிட்டாலும்.

நம்மிடம் சாதாரணமாக இருப்பது ஐஜிஎம், ஐஜிஜி வகைகள். அவை காணாக்கடி கிளப்புவதில்லை. ஆனால் சும்மாவும் இருப்பதில்லை. பதனிடாத பன்றி இதயத்தை ஆப்பிரிக்கக் குரங்கான பபூனுக்குப் பொருத்தினால், அதுவும் நம்மைப் போலவே இந்தச் சர்க்கரை இல்லாத இனம், எதிர்ப்பொருட்கள் பாய்ந்து சிறிது நேரத்திலேயே அந்த இதயத்தைக் கறுக்கவைத்துவிடும். பதனிட்ட வால்வில் அந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் நீள்கிறதோ என்பதே சந்தேகம். திசு வால்வு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சுண்ணாம்பேறுவதை ‘தேய்மானம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் தேய்மானம் எவ்வளவு, தாக்குதல் எவ்வளவு? நோயெதிர்ப்பு வீரியம் மிகுந்த இளைஞர்களிடம் சீக்கிரம் கெடுவதையும் முதியவர்களிடம் நீடிப்பதையும் வெறும் தேய்மானத்தால் விளக்குவது கடினம். உண்ணி கடித்தவரின் உடல் உரக்கச் சொல்வதை மற்றவர்களின் உடல் மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

2022இல் நேச்சர் மெடிசின் இதழில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு 1,668 நோயாளிகளைத் தொடர்ந்தது. திசு வால்வு வைத்த ஒரு மாதத்தில் ஆல்ஃபா-காலுக்கு எதிரான ஐஜிஜி ஏறியது. பிறகு இறங்கினாலும், திசு வால்வு வைக்காதவர்களைவிட மெதுவாகவே இறங்கியது. கூடவே இன்னொரு சர்க்கரையும் மாட்டிக்கொண்டது. நியூ-ஃபைவ்-ஜிசி என்ற அந்தச் சர்க்கரை மனிதனுக்கு இல்லாதது; சிம்பன்சிக்குக்கூட உண்டு. மனிதனிடம் அதற்கான மரபணு பழுதானதை 1990களின் இறுதியில் காட்டியவர் அஜித் வர்க்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்துக் கலிஃபோர்னியா போனவர். சுண்ணாம்பேறிய வால்வுகளை எடுத்துப் பார்த்தபோது, அந்தச் சர்க்கரையும் அதன் மேல் படிந்த எதிர்ப்பொருளும், மனிதனின் சொந்த வால்வு சுண்ணாம்பேறியதில் இருந்ததைவிட மிக அதிகம். இரண்டு சர்க்கரைகளும் நீக்கப்பட்ட திசுவை எலிகளின் தோலுக்கடியில் வைத்தபோது எதிர்ப்பொருளால் சுண்ணாம்பைக் கூட்ட முடியவில்லை.

அப்படியானால் சர்க்கரையே இல்லாத விலங்கை வளர்த்துவிட்டால் போதுமே. வளர்த்தாயிற்று. ஆல்ஃபா-கால் மரபணுவை அணைத்த பன்றிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டன. ரெவிவிகார் நிறுவனத்தின் அத்தகைய பன்றிக்கு 2020 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. கறியாகத் தின்னலாம், மருத்துவப் பொருட்களுக்கு மூலமாகவும் கொள்ளலாம். அந்த நிறுவனம் ஒவ்வாமை நோயாளிகளுக்குப் பன்றிக்கறியை இலவசமாகவே அனுப்பிவைத்தது. 2022 ஜனவரியில் மேரிலாந்தில் ஒருவருக்குப் பொருத்தி இரண்டு மாதம் துடித்த பன்றி இதயத்தில் மாற்றிய பத்து மரபணுக்களில் இதுவும் ஒன்று. மாட்டிலும் வேலை நடக்கிறது. இத்தாலியின் கிரெமோனாவில் சேசரே கால்லி குழுவினர் இரண்டு சர்க்கரைகளும் இல்லாத மாடுகளை உருவாக்கி 2019இல் அறிவித்தார்கள்.

அந்த மாட்டின் உறையிலிருந்து வால்வு தைப்பது பெரிய காரியமல்ல. தைக்கிற கைகளும் பதனிடும் முறையும் ஏற்கெனவே உள்ளவை. விலங்குக்குக் கிடைத்த ஒப்புதல் வால்வுக்குப் பொருந்தாது. அதிலிருந்து செய்கிற ஒவ்வொரு மருத்துவப் பொருளும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வாமை கிளம்புகிறதா இல்லையா என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடலாம். பழைய வால்வைவிட நீண்ட நாள் உழைக்கிறதா என்பதைச் சொல்லத்தான், பழைய வால்வின் ஆயுளான பத்துப் பதினைந்து ஆண்டுகளும் எக்கோ எடுத்து எடுத்துக் காத்திருந்தாக வேண்டும்.